எல்லாம் 'ரேஸ் கார்' அல்ல

மெர்சிடிஸ் என்றவுடன் மூன்று முனை நட்சத்திரம் தாங்கிய விலையுயர்ந்த கார் ஒன்று நம் மனக்கண்முன் வந்து நிற்கும். அது ஒரு சிறுமியின் பெயர் என்பதும், அச்சிறுமியின் பெயர் நம் தேவதாயின் திருநாமங்களுள் ஒன்றிலிருந்து வந்தது என்பதும் தோழியர் பலருக்குப் புதுச் செய்தியாக இருக்கலாம். ஸ்பானிய நாட்டில் அன்னை மரியாளை இரக்கத்தின் அன்னை என்னும் பொருளில் 'மெர்சிடிஸ் மாதா' என்று அழைப்பர். தம் பெண்குழந்தைகளுக்கும் அப்பெயரைச் சூட்டுவர். பிரான்சு நாட்டின் தென்கரையில் நீஸ் நகரில் வாழ்ந்த எமில் ஜெல்லினெக் என்ற வணிகரின் மகளுக்கும் அதுவே பெயர்.

ஜெல்லினெக் ஜெர்மனியின் டைம்லர் கம்பெனிக் கார்களை வாங்கிச் செல்வந்தருக்கு விற்று வந்தார். 1900-ஆம் ஆண்டு மார்ச் மாதம் நீஸ் நகரிலிருந்து லா தூர்பி என்னும் மலையூருக்குக் கார்ப் பந்தயம் நடந்தது. டைம்லர் காருக்கு வலிமையில் குறைவில்லை. ஆனால் அது உயரம் மிகுந்தது, நீளம் குறைந்தது, பாரம் கூடியது. குதிரை வண்டியில் குதிரையை அவிழ்த்துவிட்டு எஞ்சினைத் தூக்கி வைத்தாற் போன்றது. வளைவு ஒன்றில் அது கட்டுக்கு அடங்காமல் மோதிற்று. ஓட்டிச் சென்ற வில்ஹெல்ம் பாவர் உயிரிழந்தார். அதன் பிறகு ஜெல்லினெக் கம்பெனியாரிடம் கேட்டது வலிமை மட்டுமன்று. வண்டி நீளமாகவும், அகலமாகவும், தரையை ஒட்டித் தாழ்வாகவும் இருக்க வேண்டும் என்றார். தம் மகளின் பெயரையே அதற்கு வைக்க வேண்டும் என்றும் கேட்டார். வில்ஹெல்ம் மைபாக் என்ற பொறியியல் மேதை அவ்வாறே 35 குதிரைத்திறன் கொண்ட காரை வடிவமைத்துத் தந்தார். 1901 மார்ச்சில் நீஸ் நகரப் போட்டிகளில் அந்த 'மெர்சிடிஸ்' மற்றக் கார்களையெல்லாம் பின்னுக்குத் தள்ளியது.

வலிமை வேறு, வலிமையைக் கட்டி ஆளும் திறன் வேறு. இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்கக் கற்றால்தான் நான் சொல்ல வரும் விஷயம் விளங்கும். ஆகவேதான் இக்கதையை முதலில் சொன்னேன்.

என் அண்ணனின் அறைச் சுவரில் சாமி படத்தைத் தவிர மற்ற இடமெல்லாம் கார்ப் படங்கள்தாம். ஒன்றைக் காட்டி ஸ்போர்ட்ஸ் கார் என்பான். ஒன்று சூப்பர் கார் என்பான். ஒன்று மஸில் கார், ஒன்று எக்ஸாட்டிக். எங்கள் அம்மாவுக்கோ எல்லாமே 'ரேஸ் கார்'தான். என்ன வேற்றுமை என்று நான் கேட்டபோது, "அதெல்லாம் உனக்குப் புரியாது, எது வேகமாகப் போகிறதோ அது சூப்பர் கார்" என்று முடித்துவிட்டான். அந்த விடை எனக்கு நிறைவு தரவில்லை. தேடிப் படித்துப் பார்த்தேன். இந்த நான்கு பெயர்களும் வேகம் என்னும் ஏணியின் நான்கு படிகள் அல்ல என்று கண்டேன். நான்கு வெவ்வேறு கேள்விகளுக்கு நான்கு வகை மனிதர் கண்ட விடைகள் அவை.

ஸ்போர்ட்ஸ் காரிலிருந்து தொடங்குவோம். இதற்கு நம் சென்னையிலேயே ஓர் உறவு உண்டு. சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் 1961 முதல் 1971 வரை 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்னும் கார் செய்யப்பட்டது. நம் பாட்டனார் காலத்து டாக்டர்களும் வக்கீல்களும் வைத்திருந்த சாதுவான குடும்பக் கார் அது. அதன் மூலம் இங்கிலாந்தின் டிரயம்ப் ஹெரால்டு; அதற்கு உருவம் கொடுத்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கெலொட்டி. அதே மிக்கெலொட்டி அதே ஹெரால்டின் அடிச்சட்டத்தை எடுத்து, முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் உள்ள தூரத்தில் எட்டு அங்குலத்துக்கு மேல் குறைத்து, பின்னிருக்கையை நீக்கி, கூரையைத் துணியாக்கி, இரண்டு பேர் மட்டும் தரையை ஒட்டினாற்போல் அமரும்படி ஒரு காரை வரைந்தார். 1962-இல் அது 'டிரயம்ப் ஸ்பிட்ஃபயர்' என்ற பெயரில் வெளிவந்தது. எஞ்சின் 1147 சி.சி.தான், வலிமை 63 குதிரைத்திறன்தான், எடை சுமார் 700 கிலோதான். ஆனால் உலகம் அதை ஸ்போர்ட்ஸ் கார் என்றே கொண்டாடியது. 1980 வரை மூன்று லட்சத்துக்கு மேல் விற்றது.

ஒரே எலும்புக்கூட்டின்மேல் ஒரு குடும்பக் காரும் ஒரு ஸ்போர்ட்ஸ் காரும் எழுந்து நிற்கின்றன. பயணி சௌக்கியமாக உட்கார வேண்டும், பெட்டி படுக்கை ஏற வேண்டும் என்ற எண்ணத்தில் எழுந்தது முதலாவது. ஓட்டுபவர் சாலையைத் தம் உள்ளங்கையில் உணர வேண்டும் என்ற எண்ணத்தில் எழுந்தது இரண்டாவது. ஸ்போர்ட்ஸ் காரின் கேள்வி அதுவே: ஸ்டீயரிங்கைச் சிறிது திருப்பினால் வண்டி எவ்வளவு உடனடியாக, எவ்வளவு உண்மையாக அதைக் கேட்கிறது? அதற்கு முதல் தேவை எடைக் குறைவு. எடை குறைந்தால் சிறிய எஞ்சின் போதும். சிறிய எஞ்சின் என்றால் எடை இன்னும் குறையும். பிரேக்கும் டயரும் இலேசாகலாம். எடை மேலும் குறையும். பெருக்கல் வட்டியைப் போல் இந்த ஆதாயம் பெருகிக்கொண்டே போகும்.

இந்தக் கொள்கையை ஒரு வேதமாகவே கடைப்பிடித்தவர் இங்கிலாந்தில் லோட்டஸ் கம்பெனியை நிறுவிய காலின் சாப்மன். அவர் மறைந்த பிறகும் அக்கம்பெனி அவ்வழியை விடவில்லை. 1996-இல் விற்பனைக்கு வந்த 'லோட்டஸ் எலீஸ்' என்னும் காரின் எடை சுமார் 725 கிலோ, எஞ்சின் 1.8 லிட்டர்; 118 குதிரைத்திறன். அலுமினியப் பட்டைகளை விசேஷப் பசையால் ஒட்டியே அதன் அடிச்சட்டத்தைச் செய்தார்கள். அதற்கும் ஒரு சிறுமியின் பெயர்தான்! அப்போது லோட்டஸின் தலைவராக இருந்த ரொமானோ ஆர்தியோலியின் பேத்தி எலீசா. 1995-இல் பிராங்க்பர்ட் நகரக் கண்காட்சியில் திரை விலகியபோது அந்தக் குழந்தை காருக்குள்ளே உட்கார்ந்திருந்தாளாம். இவ்வகையில் இன்றுவரை மிகுதியாக விற்றது ஜப்பானின் மாஸ்டா எம்.எக்ஸ்.-5. 1989-இல் தொடங்கி 2016-இல் பத்து லட்சத்தை எட்டியது. விலையிலும் அது எட்டாக்கனி அன்று.

ஸ்போர்ட்ஸ் கார் பெண்களுக்கு ஒத்துவராது என்று யாராவது சொன்னால் அவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒரு செய்தி இருக்கிறது. 1960-ஆம் ஆண்டு லியேஜ், ரோம், மீண்டும் லியேஜ் என்று ஐரோப்பாவின் மலைச்சாலைகள் வழியே ஏறத்தாழ நான்கு நாட்கள் இரவு பகலாக நடந்த ராலியில் ஆடவர் அனைவரையும் வென்று முதலிடம் பெற்றவர்கள் பேட் மாஸ், ஆன் விஸ்டம் என்னும் இரு பெண்மணிகள். அவர்கள் ஓட்டியது ஆஸ்டின் ஹீலி 3000 என்ற ஸ்போர்ட்ஸ் கார். (இதை அண்ணனிடம் சொன்னபோது அவன் பேச்சை மாற்றிவிட்டான்.)

அடுத்து அமெரிக்காவுக்குச் செல்வோம். அங்கே சாலைகள் நேரானவை, அகலமானவை, பெட்ரோல் மலிவு. இரண்டாம் உலகப்போருக்குப் பின் பிறந்த குழந்தைகள் 1960-களில் வாலிபராகி, கையில் முதல் சம்பளத்தோடு நின்றார்கள். அவர்களால் இத்தாலியக் கார் வாங்க முடியாது. ஆனால் வேகம் வேண்டும். அவர்களுக்கு அகப்பட்ட விடைதான் மஸில் கார். மஸில் என்றால் தசை. தமிழில் 'பயில்வான் கார்' என்று சொன்னால் பொருத்தமாக இருக்கும்.

அதன் பிறப்பே ஒரு சுவையான கதை. ஜெனரல் மோட்டார்ஸ் என்னும் பெருங்கம்பெனியின் ஒரு பிரிவு போண்டியாக். நடுத்தர அளவுள்ள கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சினை வைக்கக்கூடாது என்பது மேலிடத்து உத்தரவு. போண்டியாக்கின் தலைமைப் பொறியாளர் ஜான் டெலோரியனும் அவருடைய உதவியாளர்களும், பெரிய கார்களுக்கென்று இருந்த 389 கன அங்குல எஞ்சினை, அதாவது 6.4 லிட்டர் எட்டு சிலிண்டர் எஞ்சினை, நடுத்தர அளவுள்ள டெம்பஸ்ட் காருக்குள் பொருத்திப் பார்த்தார்கள். அச்சாகப் பொருந்திற்று. உத்தரவு என்ன ஆவது? புது மாடலுக்குத்தானே உத்தரவு, விரும்புவோர் கூடுதலாகக் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளும் உபரிச் சாமானுக்கு இல்லையே என்று ஒரு சந்து கண்டுபிடித்தார்கள். 1964-ஆம் ஆண்டு மாடலில், 300 டாலருக்குச் சற்றுக் குறைவான கூடுதல் விலையில், 'ஜி.டி.ஓ.' என்னும் அந்த எஞ்சின் தொகுதி விற்பனைக்கு வந்தது. 5,000 விற்றால் பெரிது என்று விற்பனைப் பகுதியார் எண்ணினர். முதல் ஆண்டிலேயே 32,450 போயிற்று. 1966-இல் மட்டும் 96,000-க்கு மேல்.

இதைக் கவனியுங்கள்: காரின் உடல் சாதாரணக் குடும்பக் காரின் உடல். அதில் ஐந்து பேர் அமரலாம். கடைக்குப் போய்க் காய்கறி வாங்கி வரலாம். மாறியது இதயம் மட்டுமே. மஸில் காரின் கேள்வி, 'ஒரு தொழிலாளியின் சம்பளத்துக்கு எவ்வளவு வலிமை கிடைக்கும்?' என்பதுதான். அதன் வீரத்தை அளக்கும் களம் வளைந்து நெளியும் மலைப்பாதை அன்று. கால் மைல், அதாவது 402 மீட்டர் நீளமுள்ள நேர்கோடு. பச்சை விளக்கு எரிந்ததும் சீறிப் பாய்ந்து யார் முதலில் மறு முனையைத் தொடுகிறார்கள் என்பதே போட்டி.

வளைவு வந்தால்? அங்கேதான் பயில்வான் திணறுவார். எடை ஒன்றரை டன்னுக்கு மேல். அதிலும் பெரும்பகுதி மூக்கின் மேல். பின்னச்சு ஒரே இரும்புத் தண்டு. இதைவிடக் கவலைக்குரியது பிரேக். நாம் பௌதிகத்தில் படித்திருக்கிறோம்: ஓடும் பொருளின் இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். வேகம் இரு மடங்கானால் நிறுத்துவதற்கு நான்கு மடங்கு ஆற்றலைப் பிரேக் விழுங்க வேண்டும். முதல் ஜி.டி.ஓ.வுக்கு இருந்ததோ நான்கு சக்கரத்திலும் சாதாரண டிரம் பிரேக். அது சூடேறிவிட்டால் மிதித்தும் பயனில்லை. முன்சக்கர டிஸ்க் பிரேக் அதற்குக் கிடைத்தது 1967-இல்தான். அதுவும் கேட்டு வாங்குவோருக்கு மட்டும். ஓடக் கற்றுக்கொடுத்த அளவுக்கு நிற்கக் கற்றுக்கொடுக்கவில்லை. அந்த ஸ்டீயரிங்குக்குப் பின்னால் அமர்ந்தவர்களில் பலர் இருபது வயது வாலிபர் என்பதை எண்ணினால் நெஞ்சு பதறுகிறது. நீஸ் நகரத்து மலைப்பாதையில் 1900-இல் கற்ற பாடத்தை அறுபது ஆண்டுகளில் மறந்துவிட்டார்களே என்று எனக்குத் தோன்றியது.

அந்நாளைய குதிரைத்திறன் கணக்கிலும் ஒரு சூட்சுமம் உண்டு. 1972-க்கு முன் அமெரிக்கக் கம்பெனிகள் எஞ்சினைத் தனியே மேசைமேல் நிறுத்தி, விசிறி, காற்று வடிகட்டி, ஓசையடக்கி முதலியவற்றைக் கழற்றிவிட்டே அளந்தார்கள். புத்தகப் பையை இறக்கி வைத்துவிட்டு ஓடி, 'நான் தினமும் இவ்வேகத்தில்தான் பள்ளிக்கு வருகிறேன்' என்று சொல்வது போல. எல்லாவற்றையும் மாட்டி அளக்கும் முறை வந்ததும், காகிதத்தில் இருந்த குதிரைகள் பல காணாமற் போயின.

மஸில் காரின் பொற்காலம் பத்தாண்டுகூட நிலைக்கவில்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் வாலிபர் ஓட்டும் இத்தகைய கார்களுக்குக் கட்டணத்தை உயர்த்தின. 1970-இல் அமெரிக்காவில் தூய காற்றுச் சட்டம் வந்தது. ஈயம் கலவாத பெட்ரோலுக்கு ஏற்ப எஞ்சின்களின் அழுத்தத்தைக் குறைத்தார்கள், வலிமையும் குறைந்தது. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் அனுப்புவதை நிறுத்தியதும் பெட்ரோல் நிலையங்களில் கார்கள் வரிசை கட்டி நின்றன. 1974-ஆம் ஆண்டு மாடலோடு பழைய ஜி.டி.ஓ. விடைபெற்றது. பின்னாளில் மஸில் கார்கள் நல்ல பிரேக்கோடும் நல்ல டயரோடும் திரும்பி வந்தன. ஆயினும் டாட்ஜ் சேலஞ்சரின் உற்பத்தி 2023 டிசம்பரில் நின்றுவிட்டது.

ஃபோர்டு மஸ்டாங் எங்கே என்று கேட்பீர்கள். 1964 ஏப்ரல் 17 அன்று அறிமுகமான அக்கார் அளவில் சிறியது; முதலில் வலிமையும் சாதாரணம். அதை மட்டக்குதிரை என்னும் பொருளில் 'போனி கார்' என்று தனியாகச் சொல்வார்கள். பெரிய எஞ்சின் ஏறிய மஸ்டாங்கை மட்டுமே மஸில் கார் வரிசையில் சேர்ப்பார்கள். அறிமுக நாளுக்கு இரண்டு நாள் முன்னரே அதை வாங்கி ஓட்டிச் சென்றவர் சிகாகோவைச் சேர்ந்த 22 வயதுப் பள்ளி ஆசிரியை ஒருவர். நம் ஆசிரியைகள் கவனிக்கவும்!

இனி சூப்பர் கார். இச்சொல்லை நான் தேடியபோது வேடிக்கையான ஒன்றைக் கண்டேன். 1920-லேயே லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகையில் ஒரு கார் விளம்பரத்தில் இச்சொல் வந்திருக்கிறது. 1960-களில் அமெரிக்கப் பத்திரிகைகள் 'சூப்பர் கார்' என்று எழுதியது நாம் மேலே பார்த்த பயில்வான் கார்களைத்தான்! இன்று நாம் கொள்ளும் பொருள் நிலைபெற்றது இத்தாலியின் லம்போர்கினி மியூராவால்.

ஃபெருச்சோ லம்போர்கினி டிராக்டர் செய்து செல்வரானவர். அவரிடம் வேலை செய்த ஜியான் பாவ்லோ டல்லாரா முதலிய இளம் பொறியாளர்கள் பந்தயக் களத்துக் காரைப் போலவே எஞ்சினை ஓட்டுநருக்குப் பின்னால், பின்னச்சுக்கு முன்னால் வைத்துச் சாலைக்கு ஒரு கார் செய்ய வேண்டும் என்று கனவு கண்டார்கள். 1965-இல் டூரின் கண்காட்சியில் உடல் இல்லாத வெறும் அடிச்சட்டத்தைக் காட்டினார்கள். 1966-இல் ஜெனீவாவில் மார்செல்லோ காந்தினி வரைந்த உடலோடு அது வந்தபோது பார்த்தவர்கள் வியந்து நின்றார்கள். பன்னிரண்டு சிலிண்டர், 3.9 லிட்டர், 350 குதிரைத்திறன்.

எஞ்சினை நடுவில் வைப்பதால் என்ன லாபம்? தண்ணீர்க் குடத்தை இடுப்பில் அணைத்துக்கொண்டு சட்டென்று திரும்பிப் பாருங்கள், எளிதாகத் திரும்பலாம். அதே குடத்தைக் கை நீட்டித் தூக்கிப் பிடித்துக்கொண்டு திரும்பினால் குடம் நம்மை இழுத்துக்கொண்டு போகும். காரில் எல்லாவற்றிலும் பாரமானது எஞ்சின். அது மூக்கில் இருந்தால் கை நீட்டிப் பிடித்த குடம்; நடுவில் இருந்தால் இடுப்புக் குடம். விலையும் உண்டு: ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் அடுப்பு எரிவது போன்ற வெப்பம், காதைப் பிளக்கும் ஓசை, பெட்டி வைக்க இடமின்மை. மியூராவில் பெட்ரோல் தொட்டி முன்பக்கம் இருந்தது. பெட்ரோல் தீரத் தீர மூக்கு இலேசாகி, அதிவேகத்தில் மேலே எழும்பப் பார்க்கும். இத்தனை குறையோடும் அதைக் கொண்டாடினார்கள். ஏனெனில் சூப்பர் காரின் கேள்வி சௌகரியம் பற்றியதே அன்று. 'இன்றைய விஞ்ஞானத்தின் எல்லை எதுவோ, அதுவரை சென்றால் என்ன ஆகும்?' என்பதே அதன் கேள்வி.

எல்லையோ ஆண்டுதோறும் நகரும். 1987-இல் ஃபெராரி எஃப்-40 மணிக்கு 324 கிலோமீட்டர் வேகத்தை அறிவித்தது. தென்னாப்பிரிக்காவில் பிறந்த கார்டன் மர்ரே வடிவமைத்த மெக்லாரன் எஃப்-1, 1998-இல் 386 கிலோமீட்டரைத் தாண்டியது. அதில் ஓட்டுநர் நட்டநடுவில் அமர்வார். எஞ்சின் அறையின் வெப்பத்தைத் தடுக்க உண்மையான தங்கத் தகடு ஒட்டியிருப்பார்கள். 2005-இல் புகாட்டி வேய்ரோன் 1001 குதிரைத்திறனோடு 400 கிலோமீட்டரையும் கடந்தது. அதன் வெப்பத்தைத் தணிக்கப் பத்து ரேடியேட்டர்கள். உச்ச வேகத்தில் ஓடினால் நிறைந்த தொட்டி சுமார் பன்னிரண்டு நிமிடத்தில் காலி என்பார்கள். இவற்றைச் சொல்ல 'சூப்பர்' போதவில்லை என்று இப்போது 'ஹைப்பர் கார்' என்கிறார்கள். நாளை வேறு என்ன சொல்வார்களோ!

எக்ஸாட்டிக் என்பது மற்ற மூன்றிலிருந்தும் வேறானது. மற்ற மூன்றும் இயந்திரத்தைப் பற்றிய பெயர்கள். இதுவோ மனிதரின் ஆசையைப் பற்றிய பெயர். அயல்நாட்டிலிருந்து வந்தது, அபூர்வமானது, எளிதில் கிடைக்காதது என்பதே அதன் பொருள். ஆகையால் எக்ஸாட்டிக் கார் வேகமானதாக இருந்தே தீரவேண்டும் என்பதில்லை. என்சோ ஃபெராரியின் மகன் டினோ 1956-இல், 24 வயதில் நோயுற்று இறந்தான். மகனின் நினைவாகத் தந்தை ஒரு கார் வரிசைக்கு 'டினோ' என்றே பெயரிட்டார். 1969-இல் வந்த டினோ 246-இன் வலிமை 195 குதிரைத்திறன். அமெரிக்கத் தொழிலாளி ஓட்டிய ஜி.டி.ஓ.வின் 325-க்கு முன் அது எம்மாத்திரம்? ஆனால் இன்று அதைக் காண்போர் பூப்போலத் தொட்டுப் பார்க்கிறார்கள்.

உண்மையில் ஜி.டி.ஓ. என்ற பெயரே இத்தாலியிலிருந்து இரவல் வாங்கியதுதான். ஃபெராரி 250 ஜி.டி.ஓ. என்னும் கார் 1962 முதல் 1964 வரை மொத்தம் 36 மட்டுமே செய்யப்பட்டது. போண்டியாக் அப்பெயரை அப்படியே எடுத்து லட்சக்கணக்கான கார்களில் பொறித்துவிட்டது. பெயர் ஒன்று, ஒன்று தெருவில் நிற்கும், மற்றொன்று பெட்டகத்தில் தூங்கும். 2018-இல் அந்த 36-இல் ஒன்று ஏலத்தில் 4 கோடியே 84 லட்சம் டாலருக்குப் போயிற்று. அவ்வளவு விலையுள்ள வண்டியை மழையில் ஓட்ட யாருக்குத்தான் மனம் வரும்? ஓட்டுவதற்கென்று செய்த ஒன்றை ஓட்டாமல் வைத்திருப்பது எனக்கு என்னவோ போல் இருக்கிறது. வீணையை வாங்கிக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவார்களா?

வேலிகள் இவ்வளவு தெளிவாக இருப்பதாக எண்ணிவிட வேண்டாம். 1971-இல் வந்த டி டொமாசோ பன்டேராவுக்கு இத்தாலிய உடல். நடுவில் இருந்ததோ அமெரிக்க ஃபோர்டின் எட்டு சிலிண்டர் எஞ்சின். அது எக்ஸாட்டிக்கா, மஸிலா? அமெரிக்காவின் கார்வெட் 1953 முதல் எஞ்சினை முன்னால் வைத்த ஸ்போர்ட்ஸ் காராக இருந்து, 2020-ஆம் ஆண்டு மாடலில் எஞ்சினை நடுவுக்கு மாற்றிக்கொண்டது. தொடக்க விலை அப்போது 60,000 டாலருக்குள் இருந்தது. அமைப்போ சூப்பர் காருடையது. இனி மின்சாரக் கார்களைப் பாருங்கள். 2021-இல் வந்த டெஸ்லா மாடல் எஸ் பிளெய்டு நான்கு கதவுள்ள குடும்பக் கார், சத்தமே இல்லை. ஆனால் அதற்கு 1,020 குதிரைத்திறன். கால் மைல் ஓட்டத்தில் பழைய பயில்வான்கள் அதன் பின்விளக்கைத்தான் பார்க்க முடியும். வேகம்தான் அளவுகோல் என்றால் அதைத்தான் அண்ணன் முதற்படத்தில் ஒட்டியிருக்க வேண்டும். அவன் ஒட்டவில்லை. மெக்லாரன் எஃப்-1-ஐச் செய்த கார்டன் மர்ரேயும் அந்த ஓட்டத்தில் சேரவில்லை. பின்னாளில் அவர் செய்த டி.50 என்னும் காரில் உச்ச வேகத்தைக் குறியாகக் கொள்ளவில்லை. எடையை ஆயிரம் கிலோவுக்குள் அடக்குவதையே குறியாகக் கொண்டார்.

நம் திருச்சபையோடு தொடர்புடைய ஒரு சூப்பர் காரைச் சொல்லி நிறுத்துகிறேன். 2017 நவம்பரில் லம்போர்கினி கம்பெனியார், மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களுக்கு ஒரு காரைப் பரிசளித்தார்கள். ஹூரகான் என்னும் அந்தக் கார் பத்து சிலிண்டர் எஞ்சினை நடுவில் கொண்டது. வத்திக்கான் கொடியின் நிறங்களை ஒட்டி வெள்ளையில் மஞ்சள் கோடுகள் தீட்டியிருந்தார்கள். திருத்தந்தை அதில் ஏறி அமரவில்லை. காரை மந்திரித்து, அதன் முன்மூடியில் தம் கையெழுத்தை இட்டு, ஏலத்தில் விற்றுவிடும்படி சொல்லிவிட்டார். 2018 மே மாதம் மொனாக்கோவில் அது 7 லட்சம் யூரோவுக்கு மேல் விலை போயிற்று. கடை விலையைப் போலப் பல மடங்கு. எஞ்சின் அதே எஞ்சின்தான். கையெழுத்து ஒன்றுதான் அதை எக்ஸாட்டிக்குகளுக்குள்ளும் எக்ஸாட்டிக் ஆக்கிற்று. ஈராக்கின் நினிவே சமவெளியில் வீடிழந்த கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு வீடு கட்டவும், கடத்தி விற்கப்பட்ட பெண்களை மீட்டுக் காக்கும் இல்லங்களுக்கும், ஆப்பிரிக்காவில் நோயுற்றோருக்கும் அப்பணம் பகிர்ந்தளிக்கப்பட்டது.

இதையெல்லாம் நான் அண்ணனிடம் சொன்னேன். அவன் மிகக் கவனமாகக் கேட்டுவிட்டு, "அந்தக் கார் எவ்வளவு வேகம் போகும்?" என்றான். 320 கிலோமீட்டர் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.